ஈடாக வாங்கிய அடையாள அட்டை

நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.

ஊர் மீனவருக்குக் கடன் கொடுக்கிற சம்மாட்டி சில்வெஸ்ரருக்கு வின்சன்ற் கொடுக்கவேண்டிய காசு அது. வள்ளத்து எஞ்சினுக்கு நாற்பதாயிரம். ஐஸ் கட்டிக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது. திங்கட்கிழமை பொழுதுபட முன்னம் முழுக்காசும் வராவிட்டால், எஞ்சினைக் கழற்ற ஆள் வரும் என்று சில்வெஸ்ரர் போன கிழமையே சொல்லியிருந்தார்.

இன்று திங்கட்கிழமை. நவம்பர் இரண்டு. செத்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற ஆத்துமாக்கள் திருநாள்.

எஞ்சின் போனால் என்ன மிச்சம் என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில், இழுத்து இழுத்து நடக்கிற வலது காலோடு, வின்சன்ற் பிறத்தியாரின் வள்ளத்தில் கூலிக்கு வலை இழுக்கப் போகவேண்டும். எடுப்பார்களோ என்பதும் தெரியாது.

அதனால்தான் சைக்கிளை விற்பதென்று போன கிழமை முடிவாயிற்று. பிரான்சில் இருக்கிற மூத்தவன் றெக்ஷன், அப்பாவின் காலை நினைத்து, கொழும்பில் காசு கட்டி அனுப்பிவைத்த கறன்ற் சைக்கிள். வந்து நாலு மாதம். பெற்றோல் வேண்டாம். நம்பர் பிளேற் வேண்டாம். இரவில் வயரைக் கொழுவிவிட்டால் காலையில் ஓடும். விற்கிற விசயம் றெக்ஷனுக்குத் தெரியாது. சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விற்கிற வேலையை மகள் ஜெனீற்றா எடுத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் போனும் இன்ரநெற்றும் உள்ள ஒரு கொமினிக்கேசன் கடையில் வேலை செய்கிறவள். கடைக் கொம்பியூட்டரில் இன்ரநெற்றில் விளம்பரம் போட்டாள். வேலியோரம் சைக்கிளை நிறுத்தி எடுத்த படம், விலை நாற்பத்தையாயிரம், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாற்பது கிலோமீற்றர் ஓடும் என்ற ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது வின்சன்ற் தொண்டையைச் செருமினார்.

விளம்பரம் போட்ட நாளிலிருந்து போனுக்கு ஓய்வில்லை. ஒருவன் ஆங்கிலத்தில் எழுதினான்: இரண்டு மடங்கு விலை தருகிறேன், முதலில் கப்பல் கூலியை நீ கட்டு. இன்னொருவன் வங்கிப் புத்தகத்து இலக்கத்தோடு இரகசிய இலக்கத்தையும் கேட்டான். மூன்றாவது ஆள், படத்தில் சைக்கிளுக்குப் பின்னால் நிற்கிற ஆட்டையும் சேர்த்தோ விலை என்று கேட்டான். ஜெனீற்றாவுக்கு அந்த ஆளை மட்டும் பிடித்துக்கொண்டது.

நேற்று தெரியாத ஒரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து இன்னொரு குறுஞ்செய்தி. பெயரும் இல்லை, விலையும் கேட்கவில்லை. "ஆட்டுக்கு இடது காது அரைவாசியோ?" அவ்வளவுதான். இதுவும் ஒரு பகிடிக்காரன் என்று விட்டுவிட்டாள்.

உண்மையாக வாங்குவதற்கென்று வந்தது ஒரு ஆள்தான். கொக்குவிலில் இருந்து குலசிங்கம். சங்கக்கடையில் பில் எழுதுகிறவர். காசோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"வீட்டை வரச்சொல்லன்" என்றாள் தாய் அல்போன்சம்மா. "ஒரு தேத்தண்ணி குடுக்கலாம்."

"வீடு காட்டக்கூடாது அம்மா. சந்தியிலை, பகலிலை, நாலு பேர் நிக்கிற இடத்திலைதான் காட்டவேணும். ஏமாந்து எங்கடை கடைக்கு வந்து அழுதுபோட்டுப் போனவையைக் கண்டனான்."

அல்போன்சம்மா குசினி வாசலில் நின்று புருசனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ. எஞ்சின் காசு சரி. அந்த ஐஸ் காசை ஏன் குடுக்கிறியள்? அது எங்கை போன ஐஸ் எண்டு நான் சில்வெஸ்ரரிட்டைச் சொல்லட்டே?"

"அதைக் கதைக்கிறேல்லை எண்டு சொன்னனான்."

"ரண்டு வருசமாக் கதைக்கேல்லைத்தானே. கரைஞ்ச ஐசுக்குக் கடன் மட்டும் கரையேல்லை."

"விடு எண்டுறன்."

அவள் விட்டாள். மாலையில் கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குக் கொண்டுபோக மெழுகுதிரிப் பெட்டி எடுத்துவைக்கப் போனாள்.

*

வேலணை வங்களாவடிச் சந்தியில் பத்தரை மணி பஸ்ஸில் இருந்து குலசிங்கம் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். கையில் குடை. சேட்டுப் பொக்கற் ஊசி குத்திப் பூட்டியிருந்தது.

"படத்திலை நிண்ட ஆட்டைக் காணேல்லை" என்றார்.

ஜெனீற்றா சிரித்துவிட்டாள். "அதைக் கேட்டது நீங்களோ?"

"பின்னை? போன் எடுக்கிறது என்ன மாதிரி ஆள் எண்டு அறியிறதுக்குக் கேட்டனான். நீங்கள் ஏசாமல் விலை சொன்னனீங்கள், ஆடு தனியெண்டு."

"காதைப் பற்றிக் கேட்டதும் நீங்களோ?"

"என்ன காது?"

அதற்குள் வின்சன்ற் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்துவிட்டார். குலசிங்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரயரை அமத்தினார். கடைக்காரன் கொடுத்த பில்லை வாங்கி, சீல் இருக்கிறதோ என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஒருக்கா ஓடிப் பாக்கட்டே அண்ணை? இஞ்சை சந்திக்குள்ளை சுத்தினால் ஒண்டும் தெரியாது. கொஞ்சத் தூரம் போகவேணும்."

"ஓடுமன் தம்பி" என்றார் வின்சன்ற்.

ஜெனீற்றா ஹாண்டிலில் கையை வைத்தாள். "ஓடுங்கோ. ஆனால் ஏதும் ஒண்டை எங்களிட்டை வைச்சிட்டுப் போகவேணும்."

"காசைத் தரட்டே?"

"காசைத் தந்தால் நீங்கள் எங்களை நம்பவேணும். அது உங்களுக்குச் சரியில்லை. ஐசியைத் தாங்கோ."

வின்சன்றுக்குக் கூச்சமாக இருந்தது. "பிள்ளை, என்ன இது…"

"இருக்கட்டும் அண்ணை, தங்கச்சி சரியாத்தான் கேக்கிறா." குலசிங்கம் ஊசியைக் கழற்றி, பிளாஸ்ரிக் உறை போட்ட அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். "கொமினிக்கேசனிலையோ வேலை, நீதவான் கோட்டிலையோ?"

அவர் ஏறிப் போனார். சத்தமே இல்லை. தேத்தண்ணிக்கடை வாங்கில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். சைக்கிள் யாழ்ப்பாண ரவுண் றோட்டில் வெயிலுக்குள் சின்னதாகிப் போனது.

கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம்.

தேத்தண்ணிக்கடைக் குருசுமுத்துவுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "வின்சன்ற் அண்ணை, அந்த ஐசிக் காட்டைப் பத்திரமா வைச்சிரும். கடலுக்குப் போகேக்கை அதிலை ஏறிப் போகலாம்."

"நீர் தேத்தண்ணியை ஆத்தும்."

"இல்லை, கேக்கிறன். அச்சொட்டாக் கள்ளக் காட் அடிக்கிறவங்கள் இல்லையே? பிள்ளை கொம்பியூட்டர் படிச்சது. அவன் அதைவிடப் படிச்சிருப்பான்."

ஜெனீற்றா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் இளம் குலசிங்கம் மீசையோடு முறைத்தார். "கள்ளக் காட் இல்லை. ஐசி இல்லாமல் இந்த றோட்டிலை ஒருத்தரும் ஒரு இடமும் போகேலாது. அவர் வந்துதான் ஆகவேணும்."

வின்சன்ற் வாங்கில் இருந்து மெல்ல எழும்பினார்.

"பிள்ளை. இப்ப என்ன சொன்னனீ?"

"ஐசி இல்லாமல் ஒருத்தரும்…" அவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

மண்கும்பான் தாண்டினால் றோட்டில் நேவிச் சென்றி; அட்டை காட்டாமல் அந்தச் சோதனைக் காவலைக் கடக்க முடியாது. காசு, குடை, பில் எல்லாவற்றையும் பற்றி யோசித்த மூன்று பேரும் சென்றியை யோசிக்கவில்லை. பத்து வருசமாக அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தே பழகியவர்களுக்கு, அட்டை இல்லாத மனிசன் எப்படி இருப்பான் என்பது மறந்துபோயிருந்தது.

ரவுணில் இருந்து வந்த பஸ் சந்தியில் நின்றது. கொண்டக்ரர் இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்கினான். "சென்றியிலை ஒரு மனிசனைப் பிடிச்சு இருத்தி வைச்சிருக்கிறாங்கள். சென்றியைக் கண்டிட்டு அந்தாள் சைக்கிளைத் திருப்பினதாம். விடுவாங்களே?"

குருசுமுத்து ஆத்திய தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தார்.

"நான் போறன்" என்றாள் ஜெனீற்றா. "நான்தான் வாங்கினது."

"நீ ஒரு இடமும் போகேல்லை."

"அப்ப ஆர் போறது? உங்களுக்குச் சென்றி எண்டால்…"

மூன்று வருசத்துக்கு முந்தி வின்சன்ற் ஒரு சென்றியில் காலையில் இருந்து பொழுதுபடும்வரை இருந்தவர். அடிக்கவில்லை, ஏசவில்லை. உம்மை அறிந்த ஆள் ஒன்று வந்து சொன்னால் போகலாம் என்றார்கள். யாராவது வருவார்கள் என்று றோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஊர் அதிகாரி விதானையார் வந்து சேர ஆறு மணி. அதற்குப் பிறகு சென்றி கிட்டவரும்போதே அவருக்கு வாய் காய்ந்துவிடும்.

"ரண்டு பேரும் போவம்" என்றார். "பில்லை எடு."

*

குலசிங்கம் தார்ப்பீப்பா ஒன்றில் குந்தியிருந்தார். சேட்டுப் பொத்தான் எல்லாம் திறந்து கிடந்தது. குடையை விரித்து உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் வைத்திருந்தார்கள். சைக்கிளின் சீற் கழற்றப்பட்டு, கறன்ற் சேமிக்கிற நாலு பற்றியும் வெளியே தெரிந்தன.

வின்சன்ற் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார். கால் அன்றைக்குக் கூடுதலாக இழுத்தது.

"சேர். இது என்ரை சைக்கிள்."

நேவிக்காரர் அவரையும் சைக்கிளையும் பார்த்து, அரைகுறைத் தமிழில் சொன்னார். "இந்த ஆளும் சொல்றது, சைக்கிள் அய்யா ஒண்டு வருவார் எண்டு. ஏன் காட் இல்லை?"

"காட் எங்களிட்டை, சேர்." ஜெனீற்றா நீட்டினாள்.

"ஏன் நீங்க எடுத்தது?"

பதில் சொல்ல வின்சன்ற்தான் முன்னுக்கு வந்தார். பொய் சொல்வதற்கும் பலம் வேண்டும். "கள்ளனோ எண்டு நினைச்சு வாங்கினது, சேர்."

நேவிக்காரர் உள்ளே திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய கொப்பி ஒன்று வந்தது. சைக்கிளில் கிடந்த இலக்கம், பில்லில் கிடந்த இலக்கம், மூன்று பேரின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினார்கள். கடைசியாக அவர் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:

"இப்ப சைக்கிள் ஆர்? அய்யாவா, இவரா?"

மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

"அஞ்சு நிமிசம் தாங்கோ சேர்" என்றார் குலசிங்கம். பொத்தானைப் பூட்டிக்கொண்டு அவர் பனை நிழலுக்குப் போனார். இவர்களும் பின்னால் போனார்கள்.

ஜெனீற்றாவுக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"என்ரை காட் என்னட்டை இல்லையெண்டு சென்றியைக் கண்டாப் பிறகுதான் எனக்கே விளங்கினது. திருப்பினது என்ரை விசர்." குலசிங்கம் உள்பையில் இருந்து காசுக்கட்டை எடுத்தார். "இந்தாங்கோ. நாப்பத்தையாயிரம். எண்ணுங்கோ."

வின்சன்ற் வாங்கவில்லை. "இன்னும் வாங்கப்போறீரே தம்பி?"

"அவங்கள் மூண்டுதரம் கேட்டவங்கள், சைக்கிள் ஆற்றை எண்டு. மூண்டுதரமும் நான் சொன்னனான், சொந்தக்காரர் வருவார் எண்டு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போகுது. நீங்கள் வந்தியள். வேறை ஆரிட்டைப் போய் வாங்க?"

காசை எண்ணத் தொடங்கினாள் ஜெனீற்றா. எண்ணி முடித்து அப்பாவிடம் கொடுத்தாள். நாற்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது போக மூவாயிரத்து எழுநூற்றைம்பது மிஞ்சும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு காசு மிஞ்சுகிற ஒரு நாள்.

வின்சன்ற் காசுக்கட்டைக் கையில் பிடித்தபடி சைக்கிளின் பக்கம் திரும்பினார். திறந்து கிடந்த பற்றிகளைப் பார்த்தார். பிறகு ஐயாயிரத்தை உருவி நீட்டினார்.

"அப்பா!"

"இது பற்றிக்கு, தம்பி. ஒரு பற்றியைக் கழட்டி வள்ளத்துக்கு விளக்குக் கொழுவக் கொண்டுபோனனான். ஒருக்கா இல்லை, ஏழெட்டுத்தரம். உப்புத்தண்ணியும் பட்டது, முழுக்க இறங்கியும் போச்சு. நாப்பது ஓடாது. இருபத்தைஞ்சு ஓடும். பிள்ளைக்குத் தெரியாது. அவ எழுதேக்கை நான் சொல்லேல்லை."

குலசிங்கம் காசைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கொக்குவிலிலை இருந்து சங்கக்கடைக்கு மூண்டு மைல். எனக்கு இருபத்தைஞ்சு காணும்." ஆனாலும் காசை வாங்கிக்கொண்டார். ஒரு பற்றி மாற்ற வேண்டுமே.

ஜெனீற்றா பற்றுச்சீட்டு எழுதினாள். நேவிக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லது, நல்லது" என்று சொல்லி, தன்னுடைய பெரிய கொப்பியில் சொந்தக்காரர் இடத்தில் குலசிங்கம் என்று எழுதினார். இவ்வளவு பத்திரமாக ஒருவரும் ஒரு சைக்கிளை விற்றிருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மடியில் விரலால் கணக்குப் பார்த்தாள். வங்களாவடி கழிந்ததும் சொன்னாள்.

"ஆயிரத்து இருநூற்றைம்பது குறையுது."

"தெரியும்."

"அதுக்கு எஞ்சினைக் கழட்டுவார்."

"தெரியும் பிள்ளை. அந்த மனிசன் அங்கை என்னை நம்பிக் குந்தியிருந்தது. என்னாலை ஏலாமப்போச்சு." அவர் யன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

*

மாலையில் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி. காற்றுக்கு அணையாமல் ஆட்கள் கல்லறைகளின் மேல் கவிந்து கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சில்வெஸ்ரர் தாயின் கல்லறையில் செபம் முடித்து, பாண்ட் முழங்காலைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வின்சன்றைவிட எட்டு வயது இளையவர். ஊருக்குச் சம்மாட்டி என்றாலும் மூத்தவர்களை மரியாதை குறையாமல்தான் கூப்பிடுவார்.

"வின்சன்ற் அண்ணை. ஆளை அனுப்பட்டோ, விடட்டோ?"

வின்சன்ற் காசுக்கட்டைக் கொடுத்தார். சில்வெஸ்ரர் மதிற்கரையில் நின்று எண்ணினார். இரண்டுதரம் எண்ணினார்.

"நாப்பதாயிரம் கிடக்குது. ஆயிரத்து இருநூற்றைம்பது குறையுது அண்ணை."

"ஓம்."

"முழுக்காசும் எண்டுதானே சொன்னனான். உங்களுக்கு விட்டால் நாளைக்குக் கடன்பட்ட மற்ற ஆறு பேரும் வந்து நிப்பினம். கோவிக்கக்கூடாது."

"கோவமில்லை. கழட்டுறதெண்டால் கழட்டும்." வின்சன்றின் குரலில் கோபம் உண்மையாகவே இல்லை. நாள் முழுக்க நின்ற கால் நோவு மட்டும் இருந்தது.

மெழுகுதிரிப் பெட்டியோடு பின்னால் நின்ற அல்போன்சம்மா முன்னுக்கு வந்தாள்.

"தம்பி சில்வெஸ்ரர். அது என்ன காசு, அந்த ஆயிரத்து இருநூற்றைம்பது?"

"ஐஸ் காசு அக்கா. ரண்டு பெட்டி. கொப்பியிலை திகதியோடை கிடக்குது."

"வாசியும்."

"அல்போன்சம்மா" என்றார் வின்சன்ற்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. நீர் வாசியும் தம்பி."

சில்வெஸ்ரர் கொப்பியைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். "ரண்டாயிரத்து ஏழு, மாசி பதின்மூண்டு." வாசித்தவர், அடுத்த வரிக்குப் போகாமல் நின்றார். இப்போதுதான் அந்தத் திகதியைத் தாயின் கல்லறையில் வாசித்துவிட்டு வந்தவர்.

"காலமை இவர் கடலுக்கெண்டு உம்மடை வாடியிலை ஐஸ் எடுத்தவர். பத்து மணிக்கு ஊரடங்கு. கடல் மூடியாச்சு. பின்னேரம் உம்மடை அம்மா கண்ணை மூடினவ. நீர் கொழும்பிலை. றோட்டு மூடியபடியால் பிளேன் எடுத்து வந்து சேர மூண்டு நாள். மாசி வெயிலுக்குள்ளை அம்மா என்னெண்டு கிடந்தவ எண்டு நீர் கேட்டனீரே?"

சில்வெஸ்ரரின் வாய் அசைந்தது. "ஐஸ் வைச்சவை எண்டு சொன்னவை."

"ஆற்றை ஐஸ்?"

சேமக்காலைக்குள் பங்குத்தந்தை செபம் தொடங்கினார். ஆட்கள் பதில் சொல்வது கேட்டது.

"ஊரடங்குக்குள்ளை வேலிக்கு வேலி பூந்து, தலையிலை சுமந்து கொண்டுபோய் வைச்சவர். நான்தான் உமியோடை சாக்குச் சுத்திக் கட்டினனான்."

"ஏன் அண்ணை எனக்கு…"

வின்சன்ற் நிலத்தைப் பார்த்தார். "செத்த வீட்டுக்குக் குடுத்ததை ஆரும் வாய்திறந்து சொல்லுறதே, தம்பி."

சில்வெஸ்ரர் பேனையைத் தேடி எல்லாப் பொக்கற்றிலும் கை விட்டார். இருந்தது மேல் பொக்கற்றில்தான். கடைசியாகத்தான் அங்கே கை போனது.

அந்த நேரம் ஜெனீற்றாவின் போன் அதிர்ந்தது. அதே வெளிநாட்டு இலக்கம். "நாய் கடிச்ச காதுக்கு மஞ்சள் வைச்சுக் கட்டினது நான். எங்கடை ஆட்டை எனக்குத் தெரியாதே? சைக்கிளை ஏன் விக்கிறியள்? அப்பாவுக்கு என்ன?" பிரான்சிலிருந்து அண்ணன் றெக்ஷன், புது இலக்கத்தில். அவள் வாசித்தாள். இன்னொருதரம் வாசித்தாள். வெளிச்சம் வெளியே தெரியாமல் போனைச் சட்டையோடு அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

சில்வெஸ்ரர் கொப்பியை மதிலில் வைத்து ஐஸ் வரியின் மேல் கோடு இழுத்தார். விரலில் ஒட்டியிருந்த மெழுகு தாளில் பட்டதால் பேனை வழுக்கியது. மை பிடிக்கவில்லை. இன்னொருதரம் இழுத்தார். மூன்றாம்தரம் அழுத்தி இழுத்ததில் தாள் கிழிந்து, வரி முழுதாகப் போனது. எஞ்சின் வரிக்குப் பக்கத்தில் "தீர்ந்தது" என்று எழுதி, வின்சன்றின் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வெளியே போகவில்லை. திரும்பித் தாயின் கல்லறைக்கே போனார்.

வின்சன்ற் மதிலில் கையை ஊன்றி, மெல்ல இருந்து காலை நீட்டினார்.

"அப்பாடா" என்றார். "இனி நான் ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை."

ஜெனீற்றாவின் கைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது.